காலிச் சீசா

ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் கிடையாது. மூக்கண்ணன் என்றால்தான் தெரியும். அந்தப் பட்டத்தை முதலில் கட்டிவிட்டது யாரென்று இப்போது யாருக்கும் நினைவில்லை. பொருத்தமாகக் கட்டினார் என்பதில் மட்டும் இரண்டு பேச்சு கிடையாது. மூக்கு ஒன்றும் பெரிய மூக்கு இல்லை, எல்லோருக்கும் இருக்கிற அளவுதான். அது செய்த வேலைதான் பெரிது. ரொட்டிக்கடையின் பின்பக்கத்தில், அடுப்புக்கு முதுகைக் காட்டியபடி பன் உருட்டிக்கொண்டிருப்பார். வாய் ஒரு பக்கம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். திடீரென்று பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, "ஆச்சு" என்று எழுந்து போய் அடுப்பைத் திறப்பார். ரொட்டி அந்த நிமிடத்தில்தான் ஆகியிருக்கும். கடையில் ஒரு சுவர்க்கடிகாரம் இருந்தது. அது பள்ளிக்கூடத்துக்கும் ஆபீசுக்கும் போகிறவர்கள் பார்ப்பதற்காக மாட்டியது, அவர் அதன் பக்கம் திரும்பியதில்லை.

மாவு விஷயத்தில் நாக்குதான் அதிகாரி. பிசைவது அவர் மனைவியின் வேலை. மெஷினில் மாவும் தண்ணீரும் ஈஸ்டும் போட்டு முதல் சுற்று சுற்றியபின், அளந்து வைத்த உப்பைக் கடைசியில் கொட்டுவாள். மறு சுற்று முடிந்ததும் இவர் வந்து ஒரு கிள்ளு மாவைப் பிய்த்து நாக்கில் வைப்பார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நொடி நிற்பார். பிறகு தலையாட்டுவார். அந்தத் தலையாட்டல் இல்லாமல் அந்தக் கடையில் பதினாறு வருஷமாக ஒரு பிடி மாவைக்கூட வெட்டியதில்லை. அவளும் கல்யாணமான புதிதில் வாயில் வைத்துப் பார்த்தவள்தான். இவர் தலையாட்டல் தவறாமல் கிடைக்கவும், பிறகு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டாள்.

அப்படிப்பட்ட மனிதருக்கு மூன்று நாள் காய்ச்சல் வந்தது. ஊரில் பாதிப்பேருக்கு வந்த அதே காய்ச்சல்தான், எல்லோருக்கும் வந்தபடி வந்தது, போனபடி போனது. நாலாம் நாள் காலையில் குளித்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தபோது சோப்பு வாசனை வரவில்லை. சோப்பு மாற்றிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தார். காப்பியைக் குடித்தார். சூடாக இருந்தது. அவ்வளவுதான்.

அன்று இரண்டு தட்டு ரொட்டி கருகியது. அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசிக்கொண்டேதான் இருந்தார், உள்ளே ஒன்றும் அவரை எழுப்பவில்லை. முன்கடையிலிருந்து மனைவி ஓடி வந்து, "என்னங்க, புகையுது!" என்று கத்திய பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

"விறகு ஈரம். சூடு ஏறி இறங்குது" என்றார்.

அதுதான் முதல் பொய். இரண்டாவது பொய்க்கு முன்யோசனை தேவைப்பட்டது. கடைத்தெருவில் ஒரு சின்னக் கைக்கடிகாரம் வாங்கி, வாரை அறுத்துவிட்டு, வெண்ணெய்த் தாள் வைக்கிற தகர டப்பாவின் மூடிக்குள் ஒட்டவைத்தார். தாள் எடுக்கிற சாக்கில் மூடியைத் திறந்து மணி பார்ப்பார், பரீட்சையில் பிட் அடிக்கிற பையனைப் போல. நாற்பத்து நாலு வயதில் இது வேண்டியிருந்தது. மணி ஆனதும் முன்பு போலவே பேச்சைப் பாதியில் விட்டு "ஆச்சு" என்று எழுவார். யாரும் கண்டுபிடிக்கவில்லை. மாவைக் கிள்ளி நாக்கில் வைத்து, கண்ணை மூடி, இரண்டு நொடி நின்று தலையாட்டுவதையும் விடவில்லை. நாக்கில் ஈரமாக, வழவழவென்று ஏதோ இருக்கும். அது உப்பா சர்க்கரையா சுவர்ச்சுண்ணாம்பா என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு எல்லோரும் கேட்டார்கள். இன்று வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்று இருந்தார் என்பது ஒன்று. வாயைத் திறந்து சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்ற பயம் இன்னொன்று. ஆனால் உண்மையைச் சொல்லப்போனால் பயம்கூட அவருக்குப் பெரிதாக இல்லை. எதுவுமே பெரிதாக இல்லை. சாப்பாட்டை மென்று விழுங்கினார். மகள் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் உச்சந்தலையில் மூக்கை வைத்து ஒரு இழு இழுப்பது வழக்கம். வியர்வையும் பென்சில் தூளுமாக ஒரு வாசனை வரும். இப்போதும் வைத்தார். தலைமுடி மூக்கில் குத்தியது.

"என்னப்பா, இவ்வளவு நேரம்?" என்றது குழந்தை.

"ஒண்ணுமில்ல, போ."

காலையில் முதல் ஆளாக வருவது ஓய்வு பெற்ற தபால்காரர். வருஷக்கணக்காக ஒரே வசனம்தான் சொல்வார்: "மூக்கண்ணே, தெருமுனை வரைக்கும் வாசனை தூக்குது!" இவரும் "ஆமாமா" என்று ரொட்டியைத் தாளில் சுற்றிக் கொடுப்பார். இப்போதும் அதையேதான் சொன்னார். காதில் விழுந்த வார்த்தைக்குப் பதில் வார்த்தை, அதற்குமேல் ஒன்றுமில்லை.

ஒருநாள் வீட்டு அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்தது. இவர் ஒரு கை தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி அங்கிருந்து மோந்துகொண்டு ஓடி வந்தாள்.

"பக்கத்துலயேதானே உக்காந்துருக்கீங்க? வீடே நாறுது!"

"கவனிக்கல."

அவள் தீய்ந்த பாத்திரத்தையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பாத்திரத்தைத் தேய்க்க உட்கார்ந்தாள். அதற்குப்பின் இரண்டு நாள் அதிகம் பேசவில்லை.

காய்ச்சல் விட்ட இருபத்து மூன்றாம் நாள், மாவு பிசைகிற மெஷினின் பெல்ட் அறுந்தது. முதல் சுற்று முடிகிற நேரம். அவள் தம்பி, கடை வண்டியை ஓட்டுகிறவன், வந்து மெஷினைக் கழற்றிப் புது பெல்ட் மாட்டினான். அக்காள் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள். அரைமணி நேரம் போனது. அதற்குள் முன்கடைக்கு ஆள் வந்து, அவள் போய், திரும்பி வந்து, நேரமாகிவிட்ட பதற்றத்தில் மறு சுற்றை ஓட்டினாள். அளந்து வைத்த உப்புக் கிண்ணம் ஜன்னல் கட்டையில் துணி மூடியபடி அப்படியே இருந்தது.

மூக்கண்ணன் வந்து கிள்ளினார். மாவு விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உதறினால் போகவில்லை. வழக்கமாக மாவு இப்படி ஒட்டாதே என்று கை நினைத்தது. பிறகு பார்த்தால், எழும்ப வேண்டிய நேரத்துக்கு வெகு முன்னாலேயே மாவு பாத்திரத்தின் விளிம்புக்கு வந்து, கெட்டி இல்லாமல் தொளதொளவென்று கிடந்தது. அடுப்பிலிருந்து எடுத்தபோது ரொட்டியின் மேல் வழக்கமான சிவப்பு ஏறாமல் வெளுத்துப்போயிருந்தது. கை ஒருமுறை சொன்னது, கண் இரண்டுமுறை சொன்னது. ஆனால் "இது என்னமோ சரியில்ல, நீ வாயில வச்சுப் பாரு" என்று அவளிடம் சொல்ல வேண்டுமானால், தான் ஏன் பார்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தலையாட்டியாகிவிட்டது. வண்டியில் ஏற்றியாகிவிட்டது.

ஒன்பது மணிக்குள் ஊர் திரண்டு வந்தது என்று சொன்னால் மிகை. ஆறு பேர் வந்தார்கள். டீக்கடைக்காரர் ஒரு முழு ரொட்டியை மேசைமேல் வைத்து, "இதென்ன மூக்கண்ணே, பஞ்சா? தலையணைக்குள்ள வைக்கலாம் போல இருக்கு" என்றார். தபால்காரர் தன் ரொட்டியைத் திருப்பித் தரவில்லை, "அவசரமில்ல, சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்று நெளிந்தார். பத்து மணிக்கு மச்சினன் வண்டியோடு திரும்பி வந்தான்.

"எல்லா இடத்துலயும் ஏச்சும் பேச்சும்தான். ஆஸ்பத்திரியில மட்டும்தான் ஒண்ணும் சொல்லல. இன்னிக்கு ரொட்டி நல்லாருக்குன்னு வேற சொன்னாங்க. அங்க உப்பில்லாத சாப்பாடுதானே எப்பவும்" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. அவன் சொன்னது சிரிக்கக்கூடியதுதான் என்பது மூக்கண்ணனுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது.

மனைவி ஜன்னல் கட்டையிலிருந்து உப்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

"நான்தான் போட மறந்துட்டேன். என் தப்புதான்" என்றாள். பிறகு அவரைப் பார்த்தாள். "ஆனா நீங்க தலையாட்டுனீங்களே."

அவர் மேசையில் ஒட்டியிருந்த மாவை நகத்தால் சுரண்டினார்.

"கண்ணை மூடி, நின்னு, தலையாட்டுனீங்க. நான் பார்த்தேன்."

"எனக்கு மூக்கு போயிருச்சு. நாக்கும்" என்றார். "காய்ச்சல் அன்னிலேருந்து."

"காய்ச்சல் அன்னிலேருந்துன்னா? இருபது நாளைக்கு மேல ஆச்சே!"

"இருபத்து மூணு."

"எண்ணிக்கிட்டு இருந்திருக்கீங்க. எங்கிட்டச் சொல்ல மட்டும் வாய் வரல." அவள் குரல் உயர்ந்தது. "தினமும் சாப்பிடறப்போ உப்பு போதுமான்னு கேக்கறேன். போதும் போதும்னு சொன்னீங்களே, அது?"

"போதும்னுதான் நினைச்சேன்."

"அன்னிக்குப் பால் தீய்ஞ்சுதே, அது?"

"தெரியல. நிஜமாத் தெரியல."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். மச்சினன் மெதுவாக வெளியே நழுவினான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தபோது அழுகிறாள் என்று நினைத்தார். அழுகை கொஞ்சம், கோபம் கொஞ்சம், இன்னும் என்னவோ கொஞ்சம்.

"உங்களுக்கு வீடே வேணாம்னு ஆயிருச்சுன்னு நினைச்சேன்" என்றாள். "பக்கத்துல பால் தீயுது, மனுசன் பேப்பர் படிக்கிறாரு. நாம கத்தறோம், ஏறிட்டுப் பார்க்கல. என்மேல என்ன கோவம்னு ரெண்டு நாளா யோசிச்சு யோசிச்சு மண்டை காய்ஞ்சு போனேன். கடைசில மூக்கு!"

"மூக்குதான்."

"அதைச் சொல்றதுக்கு என்னங்க?"

அதற்கு ஒரு பதில் வேண்டுமே என்று உள்ளே தேடிப் பார்த்தார். வருத்தம் இருக்க வேண்டிய இடம், வெட்கம் இருக்க வேண்டிய இடம் எல்லாம் மரத்துப்போய்க் கிடந்தன. பல் பிடுங்கிய பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது.

மறுநாள் மூக்கு டாக்டரிடம் போனார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண். அவளுக்கே அன்று ஜலதோஷம், கைக்குட்டையும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். விளக்கைப் போட்டு உள்ளே பார்த்தாள், கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டாள்.

"நரம்பு அடி வாங்கியிருக்கு. சில பேருக்கு ஆறு மாசத்துல வருது. சில பேருக்கு வருஷமாகுது. வராமலும் போகலாம்."

"எங்களுக்கு எது டாக்டர்?" என்றாள் மனைவி.

"தெரியாதுங்க."

"கொஞ்சம் நல்லாப் பார்த்துச் சொல்லுங்களேன். இவர் தொழிலே அதுதான்."

டாக்டர் ஒரு தும்மலைக் கைக்குட்டையில் பிடித்தாள். "நல்லாப் பார்த்துட்டுத்தான் சொல்றேன், தெரியாதுன்னு. தெரிஞ்ச மாதிரி சொன்னா உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும். நாளைக்கு நீங்கதான் கஷ்டப்படுவீங்க."

நாலு வாசனையைத் தினமும் இரண்டு வேளை முகரச் சொன்னாள். ஒவ்வொன்றையும் இருபது எண்ணுகிற வரைக்கும். வாசனை வராவிட்டாலும் அது எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே முகர வேண்டும். விடாமல் செய்தால் பலன் இருக்கலாம் என்றாள். அதிலும் ஒரு 'லாம்'.

மனைவி நாலு சின்னச் சீசாக்களைக் கழுவிக் காயவைத்தாள். ஒன்றில் கிராம்பு, ஒன்றில் காப்பித்தூள், ஒன்றில் எலுமிச்சைத் தோல், ஒன்றில் சோப்புச் சீவல். உள்ளே இருப்பது தெரியாதபடி வெளியே தாளைச் சுற்றினாள். காலையில் அடுப்பு மூட்டுமுன் ஒருமுறை, சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் ஒருமுறை. அவள் மூடியைத் திறந்து அவர் மூக்கடியில் பிடிப்பாள். அவர் எண்ணுவார்.

வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். டப்பா மூடிக்குள் இருந்த கைக்கடிகாரத்தைப் பிய்த்தெடுத்து, ஜன்னல் கட்டையில் எல்லோரும் பார்க்க வைத்தாள். எத்தனை நிமிடம் பிசைய வேண்டும், எத்தனை நிமிடம் எழும்ப வேண்டும், எத்தனை நிமிடம் வேக வேண்டும் என்று அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். மாவை வாயில் வைத்துப் பார்க்கவும் திரும்பப் பழகினாள். ரொட்டி பழுதில்லாமல் வந்தது. மூக்கண்ணன் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து அச்சுக்களுக்கு வெண்ணெய் தடவினார். அதற்கு மூக்கு வேண்டாம். முன்கடையில் யாராவது "மூக்கண்ணே" என்று கூப்பிட்டால் காது கேளாதவர்போல இருந்துவிடுவார்.

மச்சினன் சும்மா இருக்கிற ஜாதி இல்லை. பிஸ்கட் பாக்டரியில் தெரிந்தவர் மூலம் பேசிவிட்டு ஒரு மத்தியானம் வந்தான்.

"மாமா, அங்க உங்களுக்கு ஒரு வேலை சொல்லி வச்சிருக்கேன். சூப்பர்வைசர். எல்லாம் மெஷின். பட்டன் எரிஞ்சா திறக்கணும், அணைஞ்சா மூடணும். மூக்கு நாக்கு ஒண்ணும் வேணாம்."

"கடை?"

"அடுப்பை வாடகைக்கு விட்டுருவோம். அக்காவும் எத்தனை நாளைக்குத் தனியா அல்லாடும்?"

"மூக்கு வந்துருச்சுன்னா?"

"வராட்டி என்ன பண்ணுவீங்க மாமா? வருமா வராதான்னு எத்தனை நாள் ஸ்டூல்ல உக்காந்திருக்க முடியும்? இந்த மாசம் கடைசி சனிக்கிழமைக்குள்ள சொல்லணும். அதுக்கப்புறம் வேற ஆளைப் போட்டுருவாங்க."

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டம். மூக்கண்ணன் போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மனைவி தம்பிக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு வந்து கேட்டாள்.

"போறீங்களா?"

"உனக்கு எது சௌகரியம்?"

"என்னைக் கேக்காதீங்க. எனக்கு நீங்க அடுப்புகிட்ட நிக்கணும். ஆனா இப்படி உக்காந்திருக்கறதுக்கு, அங்க போய் பட்டன் அமுக்கறது தேவலை."

சீசா முகர்வது மட்டும் நடந்துகொண்டிருந்தது. முதல் வாரம் கேட்டதற்கெல்லாம் "ஒண்ணுமில்ல" என்றார். ஒவ்வொரு "ஒண்ணுமில்ல"வுக்கும் அவள் முகம் கொஞ்சம் இறங்குவதைப் பார்த்தார். மூன்றாம் வாரம் ஒருநாள் "லேசா என்னமோ" என்று சொல்லி வைத்தார். அவள் முகம் மலர்ந்தது. அன்று குழந்தையிடம் பாட்டுப் பாடிக்கொண்டு தலை சீவிவிட்டாள். அது நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. எந்தச் சீசா எந்த வரிசையில் வரும் என்று அவருக்குத் தெரியும். "காப்பி, தூரத்துல" என்பார். "எலுமிச்சை மாதிரி" என்பார். அவளும் தலையாட்டிக்கொள்வாள்.

கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம், முதல் சீசாவைப் பிடித்தாள். இருபது எண்ணினார்.

"என்ன வருது?"

"கிராம்பு" என்றார். "முன்னைக்கு இப்போ நல்லாவே வருது."

அவள் கை அப்படியே நின்றது. சுற்றியிருந்த தாளை உரித்தாள். சீசாவைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினாள். ஒன்றும் விழவில்லை.

"கழுவிக் காயவச்ச காலிச் சீசாங்க இது" என்றாள்.

அவர் அந்தக் காலிச் சீசாவைப் பார்த்தார்.

"ரெண்டு நாளாவே சந்தேகம். நேத்து அடுப்புல முட்டை தீய்ஞ்சப்போ நீங்க திரும்பல. அப்போ காப்பி மட்டும் எப்படித் தூரத்துல வரும்?"

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னு..."

"எனக்காகப் பொய் சொல்லாதீங்க. அன்னிக்கும் இதேதான், இன்னிக்கும் இதேதான்." குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "உப்பில்லாத மாவுக்குத் தலையாட்டுனீங்க. இப்போ காலிச் சீசாவுக்கு ஆட்டறீங்க. வரலைன்னா வரலைன்னு சொல்லுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. அந்த டாக்டர் பொண்ணு மூக்கைச் சிந்திக்கிட்டே சொல்லுச்சே, தெரியாதுன்னு. அது வாயில என்ன முத்தா உதிர்ந்துபோச்சு?"

"அது படிச்ச பொண்ணு."

"நீங்க மட்டும் லேசுப்பட்ட ஆளா? அன்னிக்கு அந்த மாவு உங்க கையில ஒட்டுச்சா இல்லையா, சொல்லுங்க. நான் இத்தனை நாளா கேக்கணும்னு இருந்தேன்."

"ஒட்டுச்சு."

"சரியில்லைன்னு கைக்குத் தெரிஞ்சுதா?"

விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே, "தெரிஞ்சுது" என்றார்.

"அப்புறம் எதுக்குங்க போன மூக்கையே பிடிச்சுக்கிட்டுத் தொங்கறீங்க? கை இருக்கு. எனக்கு நாக்கு இருக்கு. என்னை ஒரு வார்த்தை கேட்டா ஆகாதா?"

அவள் காலிச் சீசாவைத் திரும்பக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள். அவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார். காய்ச்சலுக்குப் பிறகு முதல்முறையாக எங்கோ ஓரிடத்தில் வலித்தது. பெரிய வலி இல்லை. வெட்கம்தான் அது என்று அடையாளம் தெரிந்தது.

சனிக்கிழமை விடியும்போதே மழை. ஊதல் காற்று ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்தது. அவள் மாவைப் பிசைந்து வைத்து, அட்டையைப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, நேரம் ஆனதும் கத்தியை எடுத்தாள். மச்சினன் வண்டியைத் துடைத்துவிட்டு உள்ளே வந்து நின்றான். இன்று பதில் சொல்லவேண்டிய நாள், அதற்காகவும்தான் நின்றான்.

மூக்கண்ணன் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து மாவில் விரலை வைத்து அழுத்தினார். பள்ளம் உடனே நிமிர்ந்துகொண்டது.

"வெட்டாதே. இன்னும் ஆகல."

"மணி ஆச்சே."

"கடிகாரத்துக்குக் குளிராது. மாவுக்குக் குளிருது. கையை வச்சுப் பாரு, உள்ளே இறுகிக் கிடக்கு."

"இன்னும் எவ்வளவு நேரம்?"

'கால்மணி' என்று வாய்வரை வந்தது. விழுங்கினார். "தெரியல" என்றார். "பார்த்துப் பார்த்துத்தான் சொல்லணும்."

"அக்கா, ஆஸ்பத்திரிக்கு ஏழு மணிக்கு இறக்கணும்!" என்றான் மச்சினன்.

"இருடா" என்றாள் அவள். கத்தியைக் கீழே வைத்தாள்.

மாவுப் பாத்திரத்தை அடுப்பின் பக்கத்துத் திட்டுக்கு மாற்றி, மேலே இரண்டு துணி மூடி, அவர் பக்கத்திலேயே நின்றார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விரலை வைத்தார். நாலாவது முறை பள்ளம் மெல்ல, மனசில்லாமல் நிமிர்ந்தது. அவர் ஒரு கிள்ளு மாவை எடுத்தார். பழக்கதோஷத்தில் அது அவர் வாய்ப்பக்கம்தான் போனது. பாதியில் நின்றது. அவளிடம் நீட்டினார்.

"உப்பு சரியா?"

பதினாறு வருஷத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் உப்பு அது. அவள் வாயில் வைத்தாள். வேண்டுமென்றே கண்ணை மூடி, இரண்டு நொடி நின்று, அவரைப் போலவே தலையாட்டினாள். மச்சினன் களுக்கென்று சிரித்தான். மூக்கண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் இது சிரிக்கிற விஷயம் என்பது உடனே புரிந்தது.

வெட்டி, உருட்டி, அச்சில் போட்டு, நீளப்பிடி போட்ட பலகையால் அடுப்புக்குள் தள்ளினார். பொறுத்திருந்து ஒன்றை வெளியே இழுத்தார். துணியால் பிடித்துக் கவிழ்த்து அடியில் விரலால் தட்டினார். சத்தம் மந்தமாக வந்தது. திரும்பத் தள்ளினார். இன்னொரு தடவை தட்டியபோது கொஞ்சம் தெளிந்திருந்தது. இது இன்னும் சில நிமிடம் போகவேண்டும் என்று நின்றுகொண்டிருந்தபோது, முன்கடையில் குடையை உதறிக்கொண்டு தபால்காரர் வந்தார்.

"மூக்கண்ணே! என்ன இன்னிக்கு லேட்டு? மழையிலயும் தெருமுனை வரைக்கும் தூக்குது!"

"ஆமாமா" வாயில் தயாராக இருந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு முன்கடைக்கு வந்தார்.

"தூக்குதுங்களா? எனக்குத் தெரியல. மூக்கு போயி ரெண்டு மாசம் ஆச்சு. இன்னிக்கு எப்படி இருக்குன்னு நீங்கதான் சொல்லணும்."

தபால்காரர் குடையை மடக்கினார். மறுபடி விரித்தார். என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பவும் மடக்கினார்.

"கேள்விப்பட்டேன். நேரா எப்படிக் கேக்கறதுன்னு..." என்றவர், கேட்டதற்குப் பதில் சொல்லவேண்டிய பொறுப்பு வந்துவிட்டதால் கழுத்தை நீட்டி இரண்டு இழு இழுத்தார். "நல்லாத்தான் இருக்கு. ரொட்டி வாசனைதான், வழக்கமா வர்றதுதான். ஆனா..."

"ஆனா?"

"தப்பா நினைக்காதீங்க. ஓரமா எங்கயோ ஒண்ணு தீயுது அண்ணே."

மூக்கண்ணன் உள்ளே ஓடினார். அடுப்பின் பின்மூலையில், இடதுபக்கச் சுவரை ஒட்டி ஒரு அச்சு கறுக்க ஆரம்பித்திருந்தது. அதை இழுத்துப் போட்டார். பக்கத்தில் இருந்த நாலையும் இழுத்து வேறிடத்துக்கு மாற்றினார். மற்றவையெல்லாம் தப்பின. வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஒண்ணுதான் போச்சு. இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தா அந்த வரிசையே போயிருக்கும்."

"அந்த மூலை எப்பவுமே கொஞ்சம் அப்படித்தான் அண்ணே" என்றார் தபால்காரர், தைரியம் வந்தவராக. "உங்களுக்குக் காய்ச்சல் வர்றதுக்கு முன்னாலயே. வாரத்துல ஒருநாளாவது லேசாத் தீய்ஞ்ச வாசனை வரும்."

"முன்னாலயேவா? சொல்லவே இல்லையே?"

"உங்க மூக்குக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு விட்டுட்டேன்."

உள்ளே அவர் மனைவி எதையோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது. சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. அவர் உள்ளே போய், ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து ரொட்டிகளை வெளியே எடுத்தார். பிறகு நல்ல ரொட்டி ஒன்றைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். "இனிமே வந்ததும் சொல்லிருங்க" என்றார். "நல்லாருந்தா நல்லாருக்குன்னு, தீய்ஞ்சா தீயுதுன்னு."

வண்டியில் ரொட்டி ஏற்றி முடித்த மச்சினன் சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்தான். ஏழரை ஆகியிருந்தது.

"மாமா, பத்து மணிக்கு போன் பண்ணுவாங்க. என்ன சொல்லட்டும்?"

"வரலைன்னு சொல்லு."

"யோசிச்சுச் சொல்லுங்க. மூக்கு திரும்ப வருமா?"

"தெரியல மாப்ள."

"வராட்டி?"

"அதுவும் தெரியல. ஆஸ்பத்திரிக்கு லேட்டாச்சு, நீ கிளம்பு."

அவன் அக்காளைப் பார்த்தான். அவள் அட்டையில் எழும்பும் நேரத்துக்கு எதிரே இருந்த நிமிடக் கணக்கைப் பென்சிலால் அடித்துக்கொண்டிருந்தாள். வண்டி மழைக்குள் போனது.

காலையில் மழையும் அவசரமுமாக இருந்ததில் சீசாக்களை முகரவில்லை. கூட்டம் குறைந்ததும் அவள் நாலையும் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். தாள்கள் எதுவும் சுற்றியிருக்கவில்லை. உள்ளே இருப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. கிராம்புச் சீசாவைத் திறந்து அவர் மூக்கடியில் பிடித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, கிராம்பு எப்படி இருக்கும் என்று நினைத்தபடியே இருபது எண்ணினார். நினைப்பு வந்தது. வாசனை வரவில்லை.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல" என்றார்.

"சரி" என்று மூடியைப் போட்டுவிட்டு, அவள் அடுத்த சீசாவைத் திறந்தாள்.